ஐந்து, ஆறாவது வாரம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
தூண் மறைக்கிற கடை என்னுடையது.
கிளீட்டஸ் கொண்டுவந்தது இரண்டு பெட்டி,
கிழிந்த நைலான் வலையில் சுற்றி,
குறும்பனையிலிருந்து ஆட்டோவில்.
"எழுவத்தஞ்சு மாடல், றெஜினாக்கா.
பெரியப்பா மஸ்கட்டுல இருந்து கொண்டுவந்தது."

எல்லாருடைய பெட்டியும் பத்து வருசம் மூத்துத்தான்
இந்தப் படியேறும்.
தங்களுக்குக் குறைத்துச் சொல்கிறவர்கள்
ஸ்பீக்கருக்குக் கூட்டிச் சொல்வார்கள்.
நான் தலையாட்டிக்கொண்டே ஸ்குரு டிரைவர் எடுப்பேன்.

முன்துணியைக் கழற்றினேன்.
கோனைச் சுற்றிய ஃபோம்
விரல் பட்டதும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.
அதை வைத்து வயது சொல்லக் கூடாது.
கடற்கரையில் ஏழு வருசம் போதும் அதற்கு.
குலசேகரத்தில், ரப்பர்த் தோட்டத்து பங்களா ஒன்றில்,
முப்பது வருசம் தாங்கியதையும் பார்த்திருக்கிறேன்.
துருவும் அப்படித்தான்.
உப்பு அவசரக்காரி.

குப்புறப் போட்டுத் துடைத்தால்
இரும்பு விளிம்பில், மசியில், ஆறு எண்.
முதல் மூன்று கம்பெனி. அடுத்தது வருசம்.
கடைசி இரண்டு வாரம்.
வருசத்துக்கு ஒற்றை எண்தான் விட்டிருக்கிறான், கஞ்சன்.
ஐந்து. ஆறாவது வாரம்.
எந்த ஐந்து?

என் பிறந்த தேதியும் இந்தக் கதைதான்.
வரிசையில் நின்ற எங்கள் எல்லோரையும்
ஒரே பேனாவால்
மே முப்பத்தொன்றில் பெற்றுப் போட்டார் ஹெட்மாஸ்டர்.
கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் வேறொன்று இருக்கிறது,
கறையான் தின்றது போக:
மாதம் உண்டு. வருசமில்லை.

அறுபத்தைந்து இல்லை.
அந்தக் காலத்துக் காந்தம் உருளையாய், சின்னதாய் இருக்கும்;
இது கறுத்த வட்டு, தோசைக்கல் கனம்.
எழுபத்தைந்தா எண்பத்தைந்தா?
பெட்டிக்குள் கைவிட்டேன்.
பஞ்சுக்கு அடியில் கண்டன்சர்.
அதன் வயிற்றில் அச்சு: 84, நவம்பர்.

கண்டன்சரை நம்பலாமா என்றால், பாதி நம்பலாம்.
எவனாவது மாற்றியிருந்தால் பொய் சொல்லும்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கம்பெனி ஒட்டிய பசை அசையவில்லை,
ஈயம் முதல் ஈயம்.
மற்றப் பெட்டியிலும் அதே.

"எண்பத்தஞ்சு, கிளீட்டஸ். பெப்ரவரி.
ரெண்டாயிரம் குறையும்."

அவன் விலையைக் கேட்டமாதிரி இல்லை.
"பெரியப்பா செத்தது எழுவத்தொம்பதுல."
சாயாவில் ஆடை படிந்துகொண்டிருந்தது.
"கப்பல்ல. உடம்பு வரல்ல.
வருசாவருசம் பூச வைக்கோம்."
மேலே பாலத்தில் ஏதோ பஸ் போக
மேசை நடுங்கி நின்றது.
"பெட்டிய யாரு கொண்டு குடுத்தான்னு
பெரியம்மைக்கிட்ட நாங்க ஒருத்தரும் கேக்கல்ல."

கூட வேலை பார்த்தவன் எவனாவது கொடுத்தனுப்பியிருக்கலாம்.
அவள் மீன் விற்ற காசில் தானே வாங்கியிருக்கலாம்.
மூன்றாவது ஒன்றும் உண்டு,
அதை நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.
பசை எப்போது ஒட்டியது என்பதை
பெட்டியில்தான் என்னால் பார்க்க முடியும்.

சொன்ன விலைக்கே விட்டான்.
படியிறங்கித் திரும்பி வந்தான்.
"அந்த நம்பர் உள்ளத மட்டும் எடுத்துத் தாருங்க."
இரண்டுமா என்றேன். ஒன்று போதும்.
சால்டரிங் அயர்ன் சூடாகும்வரை நின்றான்.
சுண்டுவிரல் நீளத்துச் சாமானை
சட்டைப் பையில் போட்டு பட்டனும் இட்டான்.
வலையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு
குளச்சல் பஸ்ஸுக்கு நடந்தான்.

அந்த இடத்தில் புதிது வைத்தேன்,
போன மாதச் சரக்கு, இந்த வருச அச்சு.
நன்றாகத்தான் பேசுகிறது.
இனி எந்தக் காலத்திலோ யாரோ திறந்து,
இடது பெட்டிக்கு ஒரு வயது வலதுக்கு வேறு வயது என்று
ஜோடி பிரித்து விலையை அடிப்பார்கள்.
உள்பலகையில் எழுதி வைக்கலாமென்று பென்சில் எடுத்தேன்.
என்ன எழுத?

ஆறு ஸ்குரு.
ஒன்றுக்கு மரை தேய்ந்திருந்தது.
ஐந்தை முறுக்கி மூடினேன்.